வேலூருக்கு ரயிலில் வருகிறவர்களுக்கு: அரக்கோணத்தில் மாறுவது முதல் காட்பாடியில் டவுன் பஸ் பிடிப்பது வரை

அம்பத்தூரில் இருக்கும் என் சித்தி மகள் ஒரு நாள் காலையில் போன் செய்தாள். "அண்ணா, அம்மாவை சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வரணும். வேலூர்னு தட்டினா கன்டோன்மென்ட்னு ஒண்ணு, டவுன்னு ஒண்ணு வருது. ரெண்டுக்கும் ட்ரெயினே சரியா இல்ல. எதுக்கு டிக்கெட் எடுக்கறது?" இரண்டுக்கும் வேண்டாம், காட்பாடிக்கு எடு என்றேன். வேலூரில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டிய விஷயமே இல்லை. முதல்முறை வருகிறவர்களோ இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள்.

அன்று அவளுக்குப் போனில் சொன்னதையும், பல வருடம் சீசன் டிக்கெட்டில் இந்தப் பாதையில் போய்வந்தபோது கற்றதையும் சேர்த்து எழுதுகிறேன். ரயிலில் உட்கார்ந்துவிட்டால் பெரிதாக ஒன்றும் தவறாது. ஒன்றிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறும் இடங்களில்தான் நேரமும் பணமும் உடம்பும் வீணாகின்றன. ஆகவே அந்த இடங்களைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

பெயரைப் பார்த்து ஏமாறாமல் இருக்க

வேலூர் நகரத்துக்குப் பெரிய ஸ்டேஷன் காட்பாடி ஜங்ஷன். சென்னை, பெங்களூரு, கோவை, கேரளம் என்று எந்தப் பக்கத்து ரயிலாக இருந்தாலும் நிற்பது இங்கேதான். பாலாற்றுக்கு வடகரையில் இருக்கிறது. நகரமும் கோட்டையும் சி.எம்.சி.யும் தென்கரையில். நடுவில் ஏழு கிலோமீட்டர் அளவுக்கு ரோடு. வேலூர் கன்டோன்மென்ட் ஸ்டேஷன் நகரத்துக்குப் பக்கத்தில் இருந்தாலும், அது காட்பாடியிலிருந்து திருவண்ணாமலை வழியாக விழுப்புரம் போகும் கிளைப் பாதையில் இருக்கிறது. அந்தப் பாதையில் ஓடும் சில ரயில்களுக்குத்தான் அது பயன்படும்.

வட ஆற்காடு முழுக்கவே ஸ்டேஷன் பெயரும் ஊரும் இப்படி விலகித்தான் நிற்கும். சோளிங்கர் ஸ்டேஷன் பாணாவரத்தில் இருக்கிறது. நரசிம்மர் மலைக்குப் போகிறவர்கள் அங்கே இறங்கி, பஸ் பிடித்துச் சோளிங்கருக்குப் போக வேண்டும். வாலாஜா ரோடு ஸ்டேஷனும் வாலாஜாபேட்டை ஊருக்குள் இல்லை. ஆரணி ரோடு என்பது களம்பூர். பெயரோடு 'ரோடு' என்று ஒட்டியிருந்தால், அந்த ஊருக்குப் போகும் சாலை அங்கே இருக்கிறது என்று மட்டும் புரிந்துகொள்ளுங்கள்.

டிக்கெட் எடுக்கும்போது பயன்படும் சுருக்கக் குறிகள்: காட்பாடிக்கு கே.பி.டி., கன்டோன்மென்டுக்கு வி.எல்.ஆர்., அரக்கோணத்துக்கு ஏ.ஜே.ஜே. இந்த மூன்றும் போதும்.

எப்படி வருவது என்று முடிவு செய்யுங்கள்

சென்னையிலிருந்து மூன்று வழி இருக்கிறது.

முதலாவது, நேர் எக்ஸ்பிரஸ். சென்ட்ரலிலிருந்து காட்பாடிக்குச் சுமார் 130 கிலோமீட்டர். பிருந்தாவன், லால்பாக், கோவை எக்ஸ்பிரஸ், மாலையில் ஜோலார்பேட்டைக்குக் கிளம்பும் ஏலகிரி என்று நாள் முழுக்க வண்டிகள் உண்டு. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடலாம். 2022 நவம்பரில் தொடங்கிய சென்னை – மைசூரு வந்தே பாரத்தும் காட்பாடியில் நிற்கிறது. உடம்பு முடியாதவர் கூட வந்தால் யோசிக்கவே வேண்டாம், ஏதாவது ஒரு எக்ஸ்பிரஸில் முன்பதிவு செய்த இருக்கையில் வாருங்கள்.

இரண்டாவது, மாறி வருவது. சென்னை புறநகர் மின்சார ரயிலில் அரக்கோணம் வரைக்கும், அங்கிருந்து மெமு என்கிற குறுந்தூர மின்சாரப் பயணிகள் ரயிலில் காட்பாடிக்கும். கட்டணம் குறைவு. வழியில் பெரம்பூர், வில்லிவாக்கம், அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் பக்கம் குடியிருப்பவர்கள் சென்ட்ரல் வரைக்கும் பின்னோக்கிப் போக வேண்டாம் என்பது இதில் பெரிய லாபம். நேரம் மட்டும் கூடுதலாகும்: லோக்கலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, மெமுவில் ஒன்றே கால் மணிக்கு மேல், நடுவே காத்திருப்பு வேறு.

மூன்றாவது வழியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சென்னை கடற்கரையிலிருந்து மாலையில் கிளம்பி, மாறாமல் கொள்ளாமல் வேலூர் கன்டோன்மென்ட் வரைக்கும் வரும் ஒரு மெமு உண்டு. 2024 மே மாதம் அதைத் திருவண்ணாமலை வரைக்கும் நீட்டித்தார்கள். பாரிமுனையில் வேலை பார்த்துவிட்டு வார இறுதியில் வேலூருக்குள்ளேயே இறங்க வேண்டும் என்பவருக்கு இது ஏற்ற வண்டி. விடியற்காலையில் திரும்பும் வண்டியும் உண்டு.

டிக்கெட்டில் ஒரே ஒரு விஷயம்

முன்பதிவு இல்லாத டிக்கெட்டில் மூன்று வகை உண்டு: ஆர்டினரி, மெயில்/எக்ஸ்பிரஸ், சூப்பர்ஃபாஸ்ட். லோக்கலுக்கும் மெமுவுக்கும் ஆர்டினரி போதும். அதே டிக்கெட்டோடு எக்ஸ்பிரஸின் ஜெனரல் பெட்டியில் ஏறினால், கையில் டிக்கெட் இருந்தும் செல்லாது. நான் சீசன் எடுப்பதற்கு முந்தைய காலத்தில் இப்படித்தான் ஒருமுறை மாட்டினேன். அரக்கோணத்தில் மெமு போய்விட்டது, எதிர்ப் பிளாட்பாரத்தில் எக்ஸ்பிரஸ் வந்து நின்றது, அவசரத்தில் ஏறிவிட்டேன். கட்டண வித்தியாசத்தோடு அபராதமும் கட்டினேன். டிக்கெட்டே இல்லாதவருக்கு அபராதம் குறைந்தது 250 ரூபாய், கட்டணம் தனி.

மேல் வகை டிக்கெட் கீழ் வகை வண்டியில் செல்லும் என்பதை அதற்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அதனால் மாறி வருகிறவர்களுக்கு என் யோசனை இதுதான்: எந்த வண்டி கிடைக்கும் என்று உறுதியாகத் தெரியாத நாளில், சென்னையிலேயே காட்பாடி வரைக்கும் எக்ஸ்பிரஸ் டிக்கெட்டாக வாங்கிவிடுங்கள். மெமு கிடைத்தால் மெமு, இல்லையா, எக்ஸ்பிரஸின் ஜெனரல் பெட்டி. வந்து நிற்பது சூப்பர்ஃபாஸ்ட் என்றால் இரண்டாம் வகுப்புக்கு 15 ரூபாய் கூடுதல் கட்டணம் உண்டு. அதையும் முன்கூட்டியே சேர்த்து வாங்கினால் எதிலும் ஏறலாம். அரக்கோணத்தில் இறங்கி, வரிசையில் நின்று, இன்னொரு டிக்கெட் எடுப்பதற்குள் வண்டி போய்விடும். அந்தச் சில ரூபாய் கூடுதல் வீணே இல்லை.

செல்பேசியில் எடுப்பவர்கள் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே எடுத்துவிடுங்கள். ஸ்டேஷன் எல்லைக்குள் நுழைந்தபின் சாதாரண முறையில் செயலி பதிவு செய்யாது. அங்கே ஒட்டியிருக்கும் கியூஆர் கோடைத் தேடி ஸ்கேன் செய்ய வேண்டும். போனில் சார்ஜ் தீர்ந்து திரை அணைந்துவிட்டால், பரிசோதகர் பார்வையில் நீங்கள் டிக்கெட் இல்லாதவர்தான். காகித டிக்கெட் எடுத்தவர்கள் அதில் அச்சாகியிருக்கும் நேரத்தைப் பாருங்கள். 200 கிலோமீட்டருக்குக் குறைவான தூரமாக இருப்பதால் மூன்று மணி நேரத்துக்குள், அல்லது அந்தத் திசையில் போகும் அடுத்த வண்டிக்குள் பயணத்தைத் தொடங்கிவிட வேண்டும். காலையிலேயே வாங்கி வைத்துக்கொண்டு மாலையில் ஏற முடியாது.

தினமும் போய்வருகிறவர்கள் சீசன் எடுங்கள். 150 கிலோமீட்டர் வரைக்கும்தான் சீசன் கொடுப்பார்கள். காட்பாடி அந்த எல்லைக்குள் வருகிறது, ஆம்பூர் வராது. மாதச் சீசன் ஏறத்தாழ பதினைந்து ஒற்றைப் பயணத்தின் கட்டணத்தில் முடிந்துவிடும். மூன்று மாதத்துக்கு எடுத்தால் மூன்று மடங்கு கட்ட வேண்டியதில்லை, 2.7 மடங்குதான். தீர்வதற்குப் பத்து நாள் முன்பே புதுப்பிக்கலாம். சீசனை வைத்துக்கொண்டு முன்பதிவுப் பெட்டியில் உட்காருவது மட்டும் கூடாது.

சென்னைப் பக்கம் ஏறும்போது

சென்ட்ரலில் லோக்கல் கிளம்பும் இடம் பெரிய கட்டடத்துக்குள் இல்லை. பக்கத்தில் மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ் என்ற தனிக் கட்டடம். 1985இல் தீயில் அழிந்த பழைய மூர் மார்க்கெட் இருந்த இடம் அது. மெட்ரோவில் வருகிறவர்கள் சுரங்க வழியிலிருந்து மேலே ஏறும்போதே பலகையைப் பார்த்து அந்தப் பக்கமாக வெளியே வாருங்கள். தாம்பரம், எழும்பூர் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் பூங்கா ஸ்டேஷனில் இறங்கிச் சாலையைக் கடந்தால் போதும்.

வண்டியின் நெற்றியில் 'அரக்கோணம்' அல்லது 'திருத்தணி' என்று எழுதியிருந்தால் ஏறுங்கள். ஆவடி வண்டியிலும் திருவள்ளூர் வண்டியிலும் ஏறிப் பாதியில் நிற்க வேண்டாம். திருத்தணி வண்டி என்றால் அரக்கோணத்தில் மறக்காமல் இறங்குங்கள். தூங்கிவிட்டால் வண்டி வடக்கே திரும்பிவிடும்.

அரக்கோணம்

நிதானம் தேவைப்படும் முதல் இடம் இதுதான். சென்ட்ரலிலிருந்து 69 கிலோமீட்டர். ஒரு பாதை ரேணிகுண்டாவுக்கு, ஒன்று காட்பாடி – ஜோலார்பேட்டைக்கு, மற்றொன்று காஞ்சிபுரம் வழியாகச் செங்கல்பட்டுக்கு. சென்னைப் பாதையையும் சேர்த்தால் நான்கு திசைக்கும் வண்டி போகிற சந்திப்பு. திருப்பதி போகும் ரயில்களும் இங்கே நிற்கும், ஆனால் அவை காட்பாடிக்கு வராது. 'அந்தப் பக்கம்தானே போகிறது' என்று ஏறிவிட்டவர்களைத் திருத்தணியில் நான் பார்த்திருக்கிறேன்.

லோக்கல் நிற்கிற பிளாட்பாரமும் மெமு கிளம்புகிற பிளாட்பாரமும் பெரும்பாலும் வேறு வேறு. நடுவே படி ஏறி இறங்க வேண்டும். லோக்கலில் வரும்போதே நடுப்பெட்டிப் பக்கம் நகர்ந்து வைத்துக்கொண்டால் இறங்கியதும் மேம்பாலப் படி பக்கத்தில் இருக்கும். நான் சீசனில் போன காலத்தில் உடன் வந்த பெரியவர்கள் எல்லோரும் திருவாலங்காடு தாண்டியதும் எழுந்து கதவுப் பக்கம் போய்விடுவார்கள். முதலில் அது எதற்கென்று எனக்குப் புரியவில்லை.

இறங்கியதும் ஓடாதீர்கள். முதலில் அறிவிப்பைக் கேளுங்கள், மின்பலகையைப் பாருங்கள். காட்பாடி, ஜோலார்பேட்டை, சேலம், இந்த மூன்று பெயரில் எது போட்டிருந்தாலும் அது உங்கள் வண்டிதான். பலகையில் ஒன்றும் தெரியவில்லை என்றால் டீ விற்பவரைக் கேளுங்கள். "காட்பாடி மெமு எத்தனாவதுங்க?" என்று கேட்டால் கையை மட்டும் காட்டுவார். அந்தக் கை தவறாது.

என் அம்மாவுக்கு மூட்டு வலி. ஒருமுறை அவரைக் கூட்டிக்கொண்டு இங்கே மாறும்போது, பாதிப் படி ஏறிய நேரத்தில் மெமுவின் ஹாரன் கேட்டது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வேகமாக ஏறினேன். மேலே போனதும் அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வண்டியும் போய்விட்டது. அடுத்த வண்டி வரும் வரை அந்தப் பாலத்துக் காற்றில் இருவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். அவரை அப்படி இழுத்தது இன்றைக்கும் என் மனதில் இருக்கிறது. வயதானவர் கூட இருந்தால் அடுத்த வண்டிக்குத்தான் போகிறோம் என்று முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள். முந்தைய வண்டி கிடைத்தால் சந்தோஷம்.

காத்திருக்கும் நேரத்தில் சாப்பிட்டுவிடுங்கள், கழிவறைக்கும் போய்வந்துவிடுங்கள். மெமுவில் எல்லாப் பெட்டியிலும் கழிவறை இருக்கும் என்று நம்பி உட்கார வேண்டாம்.

அரக்கோணத்திலிருந்து காட்பாடி வரை

சித்தேரி, மகேந்திரவாடி, அன்வர்திகான்பேட்டை, சோளிங்கர், தலங்கை, வாலாஜா ரோடு, முகுந்தராயபுரம், திருவலம், சேவூர், காட்பாடி. மெமுவில் வருகிறவர்கள் இந்த வரிசையை எழுதி வைத்துக்கொண்டால் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இந்த வரிசைக்குள் எத்தனை காலம் அடங்கியிருக்கிறது! மகேந்திரவாடியில் மகேந்திரவர்மப் பல்லவன் குடைந்த குகைக் கோயில் இருக்கிறது. திருவலத்தில் பாடல் பெற்ற வில்வநாதேசுவரர் கோயில். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்தில் கிளம்பி வந்து சேர்ந்தது இதே வாலாஜா ரோட்டுக்குத்தான். அன்று அந்த ஸ்டேஷனுக்கு ஆற்காடு என்று பெயர். மெமு அங்கே ஒரு நிமிடம் நிற்கும்போது ஜன்னல் வழியாகப் பார்க்கத் தவறாதீர்கள்.

எக்ஸ்பிரஸில் வருகிறவர்களுக்கு ஓர் அடையாளம் சொல்கிறேன். முகுந்தராயபுரம் தாண்டியதும் மணல் படுகை மேல் ஒரு நீளமான பாலம் வரும். கீழே இருப்பது பொன்னை ஆறு. 2021 டிசம்பரில் வெள்ளத்துக்குப் பிறகு இந்தப் பாலத்தில் சேதம் தெரியவந்து பல ரயில்கள் ரத்தான நாட்களை எங்கள் பக்கத்துக்காரர்கள் யாரும் மறக்கவில்லை. அந்தப் பாலத்தைத் தாண்டினால் காட்பாடிக்கு இன்னும் பத்துப் பதினைந்து நிமிடம்தான். பையை இறக்குங்கள், செருப்பை மாட்டுங்கள், கதவுப் பக்கம் வாருங்கள். தொலைதூர வண்டிகள் காட்பாடியில் சில நிமிடம்தான் நிற்கும். அந்த நேரத்துக்குள் வங்காளம், ஜார்க்கண்ட், பீகார் பக்கத்துக் குடும்பங்கள் நோயாளியோடும் மூட்டை முடிச்சோடும் இறங்கிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு வழிவிட்டு, முடிந்தால் ஒரு கை கொடுத்து இறங்குங்கள்.

காட்பாடியில் இறங்கியதும்

இங்கே ஐந்து பிளாட்பாரம். மறுசீரமைப்புக்கு 2022 மே மாதம் அடிக்கல் நாட்டிய ஸ்டேஷன்களில் காட்பாடியும் ஒன்று. வேலை நடக்கிற இடம் என்பதால் போன முறை நடந்த வழி இந்த முறை அடைத்திருக்கலாம். கூட்டம் போகிற பக்கமே போங்கள். படி ஏற முடியாதவர் இருந்தால் லிஃப்ட் எங்கே என்று ஊழியர் யாரையாவது கேளுங்கள். சக்கர நாற்காலி வேண்டுமென்றால் வந்து இறங்கியபின் தேடுவதைவிட, ரயிலில் இருக்கும்போதே ரயில்வே உதவி எண் 139க்கு அழைத்துச் சொல்வது நல்லது.

வெளியே வந்தவுடன் ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். பயப்பட வேண்டியதில்லை, பலரும் நல்ல மனிதர்கள், பிற மாநிலத்து நோயாளிகளிடம் இந்தியிலும் வங்காளத்திலும் பேசி வழிகாட்டுகிறவர்கள். ஆனாலும் ஏறுவதற்கு முன்பே இடத்தையும் தொகையையும் பேசி முடித்துவிடுங்கள். சி.எம்.சி.க்கு என்று மட்டும் சொன்னால் போதாது. நகரத்து மருத்துவமனையா, பாகாயத்தில் இருக்கும் கல்லூரி வளாகமா, சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் 2022இல் திறந்த ராணிப்பேட்டை வளாகமா என்று தெளிவாகச் சொல்லுங்கள். மூன்றும் மூன்று திசை. உங்கள் அப்பாயின்ட்மென்ட் சீட்டில் வளாகத்தின் பெயர் இருக்கும், அதை எடுத்துக் காட்டுங்கள். ராணிப்பேட்டை வளாகத்துக்கு வருகிறவர்கள் காட்பாடி வரைக்கும் வர வேண்டுமா, வாலாஜா ரோட்டிலேயே இறங்கலாமா என்று முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

இனி டவுன் பஸ். மதராசில் 1895 முதல் 1953 வரை டிராம் ஓடியது. ரயிலில் வந்தவரைத் தெருவுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது அதுதான் என்று என் தாத்தா சொல்வார். வேலூருக்கு அந்த வண்டி வந்ததே இல்லை. எங்களுக்கு அந்த வேலையைச் செய்வது 1, 2 என்ற எண் போட்ட டவுன் பஸ்கள். காட்பாடியிலிருந்து சி.எம்.சி. வழியாகப் பாகாயம் வரைக்கும் போகின்றன. ஒரே நூலில் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, கோட்டை, மருத்துவக் கல்லூரி எல்லாவற்றையும் கோத்தது போன்ற தடம். வேலூரில் வேறு எந்த எண்ணும் தெரியாவிட்டாலும் இந்த இரண்டை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

பஸ் விருதம்பட்டு தாண்டிப் பாலாற்றுப் பாலத்தில் ஏறும். பெரும்பாலான மாதங்களில் கீழே மணலும் முள்ளும்தான் தெரியும். 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் ஓடியபோது ஊரே வந்து பாலத்தில் நின்றது. பாலம் இறங்கினால் கிரீன் சர்க்கிள், புதிய பஸ் ஸ்டாண்டு. சென்னை, பெங்களூரு போன்ற வெளியூர் பஸ்களுக்கு இங்கே இறங்க வேண்டும். உள்ளே போனால் சி.எம்.சி., கோட்டை, பழைய பஸ் ஸ்டாண்டு. உள்ளூர் டவுன் பஸ்களுக்குப் பழையது. 'பஸ் ஸ்டாண்டு' என்று மட்டும் சொல்லி டிக்கெட் கேட்டால் கண்டக்டர் "பழசா, புதுசா?" என்று திருப்பிக் கேட்பார். பதிலை முதலிலேயே தயாராக வைத்துக்கொள்ளுங்கள், கையில் சில்லறையும்.

சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 2021 முதல் நடைமுறையில் இருக்கும் இந்த விடியல் பயணத் திட்டம் மாற்றுத்திறனாளிகளுக்கும் அவருக்குத் துணையாக வரும் ஒருவருக்கும் பொருந்தும். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கும் உண்டு, தயங்காமல் ஏறுங்கள். ஆனால் காலை எட்டிலிருந்து பத்து வரைக்கும் இந்தப் பஸ்களில் கால் வைக்க இடம் இருக்காது. பள்ளிப் பிள்ளைகள், ஆஸ்பத்திரி ஊழியர்கள், புறநோயாளிகள் எல்லோருக்கும் அதே நேரம். அறுவை சிகிச்சை முடிந்தவரையோ காய்ச்சலில் இருக்கும் குழந்தையையோ அந்த நேரத்தில் பஸ்ஸில் ஏற்ற வேண்டாம். ஆட்டோவுக்கு ஆகும் செலவைப் பார்க்காதீர்கள்.

நோயாளியோடு வருகிறவர்களுக்கு

காலை அப்பாயின்ட்மென்ட் என்றால் முந்தைய நாளே வந்துவிடுங்கள். இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ரயில் அரைமணி தாமதமாவது சாதாரணம். அந்த அரைமணி காட்பாடியில் ஒரு பஸ்ஸைத் தவறவைக்கும், பாலாற்றுப் பாலத்து நெரிசல் இன்னும் கால் மணியைத் தின்னும், கடைசியில் ஆஸ்பத்திரி வரிசையில் உங்கள் இடமே போய்விடும். சி.எம்.சி.க்கு எதிரிலும் காந்தி ரோட்டிலும் லாட்ஜ்கள் நிறைய உண்டு. சமைத்துச் சாப்பிட வசதி உள்ள அறைகளும் கிடைக்கும். அறையை நேரில் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். மாடிப்படியா லிஃப்டா என்பதை மறக்காமல் கேளுங்கள்.

மருந்து, பழைய ரிப்போர்ட், ஸ்கேன் படம் எல்லாம் ஒரே பையில், அந்தப் பை நோயாளியின் துணைவர் தோளில். பெட்டிக்குள் வைத்து சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, இறங்கும் அவசரத்தில் அதை மட்டும் விட்டுவிட்டு வந்தவர்கள் உண்டு. இரண்டு பேர் துணைக்கு வந்தால் ஒருவர் முன்னால் இறங்கி நோயாளியை வாங்கிக்கொள்ளட்டும், இன்னொருவர் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ளட்டும். மூட்டையை யாரும் முதலில் தூக்க வேண்டாம்.

மற்ற இடங்களுக்கு, சுருக்கமாக

வி.ஐ.டி.யில் சேர வரும் மாணவர்கள் வேலூருக்குள் போகவே வேண்டாம். கல்லூரி காட்பாடிப் பக்கமே, ஸ்டேஷனிலிருந்து சில கிலோமீட்டரில் இருக்கிறது. பெட்டி நிறைய இருந்தால் ஆட்டோ, இல்லையென்றால் பஸ்.

ஸ்ரீபுரம் தங்கக் கோயில் திருமலைக்கோடியில், நகரத்தைத் தாண்டித் தெற்கே. வேலூருக்குள் வந்து அங்கிருந்து பஸ் மாறுவதுதான் எளிது.

திருப்பதிக்குக் காட்பாடியிலிருந்தே சித்தூர், பாகாலா வழியாக ரயில் உண்டு. திருவண்ணாமலைக்குக் கன்டோன்மென்ட் வழியாகப் போகும் பாதை. பௌர்ணமி நாட்களில் இந்தப் பாதையில் எந்த வண்டியிலும் உட்கார இடம் எதிர்பார்க்காதீர்கள்.

திரும்பிப் போகும்போது

சி.எம்.சி. வாசலிலிருந்து காட்பாடி பிளாட்பாரம் வரைக்கும் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பகலில் பாதி நேரம் மிச்சமாகும், மாலை ஐந்திலிருந்து எட்டுக்குள் முழுசாகத் தேவைப்படும். ஞாயிறு மாலையும் தொடர் விடுமுறை முடியும் நாளும் சென்னைப் பக்கம் போகும் ஜெனரல் பெட்டிகள் காட்பாடிக்கு வரும்போதே நிறைந்திருக்கும். அன்றைக்கு நான் அரக்கோணம் மெமுவையும் லோக்கலையும்தான் நம்புவேன். மெதுவாகப் போனாலும் உட்கார்ந்து போகலாம். இரவு நேரத்தில் மாறிப் போகிறவர்கள் அரக்கோணத்தில் கடைசி லோக்கல் எத்தனை மணிக்கு என்பதைக் காட்பாடியிலேயே கேட்டு உறுதி செய்துகொண்டு ஏறுங்கள். தனியாகப் போகும் பெண்கள் லோக்கலில் பெண்கள் பெட்டியை முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது தொந்தரவு என்றால் அதே 139.

சித்தி இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு வருகிறார். முதல் முறை எக்ஸ்பிரஸ், இப்போது உடம்பு தேறிவிட்டதால் அம்பத்தூரிலேயே லோக்கல் ஏறி மாறி வருகிறார்கள். முந்தைய நாள் மதியமே கிளம்பிவிடுவார்கள். அரக்கோணத்தில் மெமு ஏறியதும் தங்கையிடமிருந்து ஒரு செய்தி வரும்: "உட்கார்ந்தாச்சு அண்ணா." அதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டில் உலை வைக்கச் சொல்வேன்.